சின்ன மாமியார் சொல்லி அனுப்பும் பல் டாக்டர்

உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். பல் டாக்டர் பக்கம் போய் 8 வருடம் ஆகிறது, கடைசியாகப் போனபோது கீழ்க் கடவாய்ப் பல்லை எடுக்கையில் ஊசி போட்டும் வலித்தது, வலிக்கிறது என்று சொன்னதற்கு "அதெல்லாம் வலிக்காதும்மா" என்று அடக்கிவிட்டார்கள். இப்போது இன்னொரு பல் பச்சைத் தண்ணீர் பட்டாலே கூசுகிறது. சின்ன மாமியார் தனக்குப் பல்செட் கட்டிக் கொடுத்த டாக்டரிடம் அவரே போனில் பேசி வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கிவிட்டு, "தங்கமான மனுஷன், என் பேரைச் சொல்லு போதும்" என்கிறார். உங்களுக்கு மூன்று நாளாகத் தூக்கம் இல்லை. போய்ப் பார்த்து அவரைப் பிடிக்காவிட்டால் என்ன செய்வது, சின்ன மாமியார் முகத்தில் எப்படி விழிப்பது என்று வேறு கவலை.

நான் பல் மருத்துவர்தான், 17 வருடமாகத் திருச்சியில் கிளினிக் வைத்திருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் போர்டைப் பார்த்து வருவதில்லை, யாரோ சொல்லித்தான் வருகிறார்கள். அதனால் உங்கள் நிலைமையை நாற்காலிக்கு இந்தப் பக்கம் நின்று நிறையவே பார்த்திருக்கிறேன். ஒன்று தெளிவாகச் சொல்கிறேன், உங்களுக்கு இருப்பது ஒரு பயம் இல்லை, இரண்டு. ஒன்று ஊசி, வலி, அந்த மெஷின் சத்தம் பற்றியது. இன்னொன்று முகதாட்சண்யம். தெரிந்தவர் அனுப்பிய இடம், அங்கே போய்க் கேள்வி கேட்டால் தப்பாக நினைப்பாரோ, வேண்டாம் என்று சொன்னால் அவமரியாதை ஆகிவிடுமோ என்கிற அந்தக் கூச்சம். என் அனுபவத்தில் இரண்டாவதுதான் ஆளை அதிகமாகப் படுத்துகிறது, ஏனென்றால் முதலாவதைக் குறைக்க என்னிடம் மருந்து இருக்கிறது, இரண்டாவதை நீங்கள் வாய் திறந்து சொன்னால் ஒழிய எனக்குத் தெரியக்கூடத் தெரியாது.

சில வருடங்களுக்கு முன் ஒரு பெண் வந்தார், அவருடைய அண்ணி என்னிடம் பல வருடமாக வருகிறவர். நான் சொன்ன எல்லாவற்றுக்கும் "சரி டாக்டர், சரி டாக்டர்" என்றார். ஊசியைத் தயார் செய்துவிட்டுத் திரும்பினால் கைப்பையின் வாரை ஆள்காட்டி விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கியிருக்கிறார், விரல் நுனி வெளுத்துப்போய்விட்டது. ஊசியைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை நிமிர்த்தி உட்காரவைத்து என்னம்மா என்று கேட்டேன். "அண்ணி சொல்லி அனுப்பியிருக்காங்க, நான் ஏதாவது கேட்டா உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னு பேசாம இருந்தேன்" என்றார். அவருக்கு நான் என்ன செய்யப்போகிறேன் என்பதே சரியாகப் புரிந்திருக்கவில்லை. அன்றைக்கு ஒன்றும் செய்யாமல் எக்ஸ்ரேயை மட்டும் காட்டி விளக்கி அனுப்பினேன். அதற்கப்புறம் நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன், யாராவது சொல்லி வந்தவர் என்றால் புதிதாக வந்தவருக்கு எடுத்துச் சொல்வதைவிட இரண்டு மடங்கு விளக்கமாகச் சொல்வது. ஆனால் எல்லா டாக்டரும் அப்படிச் செய்வார்கள் என்று சொல்ல முடியாது. தெரிந்தவர் வீட்டு ஆள் என்றால் "நம்ம ஆள்தானே, நம்பி வந்திருக்காங்க" என்று விளக்கத்தைச் சுருக்கிவிடுவதும், இரண்டு அப்பாயின்ட்மெண்டுக்கு நடுவில் "ஒரு எட்டு பார்த்துடலாம் வரச் சொல்லுங்க" என்று செருகிவிடுவதும் எங்கள் பக்கம் நடக்கிற தவறுகள். நல்ல எண்ணத்தில்தான் செய்வார்கள். உங்களை மாதிரி பயந்து வருகிறவருக்கு அந்த அவசரம்தான் ஆகாது.

அப்புறம், ஒருவர் சிபாரிசு செய்தால் அதற்கு எவ்வளவு மதிப்பு என்று பார்க்க வேண்டும். சின்ன மாமியாருக்கு அவர் கட்டிக் கொடுத்தது பல்செட். அது அளவெடுத்து, கடித்துப் பார்க்கவைத்து, உரசுகிற இடத்தைத் தேய்த்துக் கொடுக்கிற வேலை, பொறுமையான கை வேண்டும். அவர் திருப்தியாக இருக்கிறார் என்றால் அந்த டாக்டருக்குப் பொறுமை இருக்கிறது, திரும்பத் திரும்பப் போய் நின்றாலும் சலித்துக்கொள்ளவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். இது நல்ல செய்திதான். ஆனால் வலி எடுக்கிற கடவாய்ப் பல்லுக்கு ஊசி போடும்போது எப்படி நடந்துகொள்வார் என்பதற்கு அது சாட்சி ஆகாது. அதனால் சின்ன மாமியாரிடமே கேளுங்கள், "நல்ல டாக்டரா அத்தை" என்று கேட்டால் நல்ல டாக்டர் என்றுதான் பதில் வரும், அப்படிக் கேட்காதீர்கள். உங்களுக்கு அவர் பல் ஏதாவது எடுத்தாரா, ஊசி போட்டாரா, போட்டுவிட்டு எவ்வளவு நேரம் விட்டார், நடுவில் வலிக்குது என்று சொன்னபோது கையை நிறுத்தினாரா, எவ்வளவு ஆகும் என்று முதலிலேயே சொன்னாரா. இப்படிக் கேட்டால் அவர் கதையாகச் சொல்லத் தொடங்குவார், அந்தக் கதையில் உங்களுக்கு வேண்டியது கிடைக்கும். "நான் கைய ஆட்டினேன், உடனே எடுத்துட்டார்" என்று ஒரு வரி வந்தால் போதும், அந்த ஒரு வரி "தங்கமான மனுஷன்" என்பதைவிடப் பெரியது.

இனி அந்தப் பழைய வலிக்கு வருகிறேன், இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் "எனக்கு வலி தாங்குகிற சக்தி கம்மி போல" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. மரக்கவைக்க நாங்கள் போடுவது பெரும்பாலும் லிக்னோகைன் என்கிற மருந்து, 1943-இல் ஸ்வீடனில் நில்ஸ் லோஃப்கிரென் என்ற வேதியியலாளர் உருவாக்கியது, இன்றைக்கும் பல் வேலைக்கு மிக அதிகமாகப் பயன்படுகிற மருந்துகளில் அது ஒன்று. மேல் தாடை எலும்பில் நுண்ணிய துளைகள் அதிகம், பல்லுக்குப் பக்கத்தில் ஈறில் ஊசி போட்டாலே மருந்து உள்ளே இறங்கிவிடும், ஐந்து நிமிடத்தில் மரத்துவிடும். கீழ்த் தாடையின் பின்பக்கம் அப்படி இல்லை, எலும்பு கெட்டி. அதனால் வாயின் கோடியில், நரம்பு தாடை எலும்புக்குள் நுழைகிற இடத்துக்குப் பக்கத்தில் மருந்தைக் கொண்டுபோய் விட வேண்டும். அந்த இடம் ஆளுக்கு ஆள் சில மில்லிமீட்டர் மாறும், கண்ணால் பார்க்க முடியாது, கை அனுபவத்தில் போடுவது. அதனால் கைதேர்ந்தவர் போட்டாலும் சில நேரம் முதல் ஊசி சரியாகப் பிடிக்காது. இதோடு பல் ஏற்கெனவே சீழ் பிடித்து வீங்கியிருந்தால் அந்தத் திசுவில் அமிலத்தன்மை கூடியிருக்கும், அங்கே லிக்னோகைன் நரம்புக்குள் புகுவது குறைந்துவிடும். பல்லின் உள் நரம்பு கடுமையாக வீங்கி இருந்தாலும் இதே கதை, உதடு முழுக்க மரத்துப் போயிருக்கும், பல்லைத் தொட்டால் உயிர் போகும். இது எங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கிற விஷயம். அன்றைக்கு நீங்கள் வலிக்கிறது என்று சொன்னது உண்மை. அந்த இடத்தில் நிறுத்தி இன்னொரு ஊசி போட்டிருக்க வேண்டும், அல்லது பல்லுக்கும் எலும்புக்கும் இடையே இருக்கிற சவ்வில் மெல்லிய ஊசியால் கூடுதலாகக் கொஞ்சம் கொடுத்திருக்க வேண்டும், வீக்கம் அதிகம் என்றால் அதை வடித்து இறங்கவிட்டு இன்னொரு நாள் வரச் சொல்லியிருக்கலாம். வலிக்காது என்று சொல்லி வேலையை முடித்தது தவறு, எனக்கு அதைப் படிக்கும்போதே கோபம் வந்தது.

அடுத்த தடவை மரத்துவிட்டதா என்று நீங்களே சோதிக்கலாம். கீழ்ப் பல்லுக்குப் போட்டால் அந்தப் பக்கத்துக் கீழ் உதடும் நாக்கின் பாதியும் தடித்துப்போன மாதிரி இருக்கும், உதட்டை விரலால் கிள்ளினால் வேறு யாருடைய உதட்டையோ கிள்ளுவது போல இருக்கும். அதற்குப் பத்து நிமிடம்கூட ஆகலாம், அவசரப்படுத்தினால் "இன்னும் முழுசா மரக்கலை டாக்டர்" என்று சொல்லுங்கள். மரத்த பிறகும் அழுத்துவது, தள்ளுவது, அதிர்வது எல்லாம் தெரியும், அது இயல்பு. கூர்மையாகக் குத்துகிற வலி மட்டும் தெரியக் கூடாது. ஊசி போட்டதும் சிலருக்கு நெஞ்சு படபடவென்று அடிக்கும், கை லேசாக நடுங்கும். லிக்னோகைனோடு சேர்க்கிற அட்ரீனலின் செய்கிற வேலை அது, சில நிமிடத்தில் அடங்கிவிடும். இது முன்கூட்டியே தெரியாததால் பாதிப் பேர் "எனக்கு ஊசி ஒத்துக்காது" என்று வாழ்நாள் முழுக்க நம்பிக்கொண்டிருக்கிறார்கள். ஊசி குத்துகிற அந்த முதல் நொடிக்கும் வழி இருக்கிறது, முன்னாலேயே மரக்கிற ஜெல் தடவிவிட்டு ஒரு நிமிடம் கழித்துப் போடச் சொல்லுங்கள், மருந்தை மெதுவாக ஏற்றினால் எரிச்சல் குறையும். கேட்டால் மறுக்க மாட்டார்கள்.

வியாழக்கிழமை என்ன நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன், தெரியாததுதான் ராத்திரித் தூக்கத்தைக் கெடுப்பது. உள்ளே நுழைந்ததும் ஒரு வாசனை அடிக்கும், அது கிராம்பு. தற்காலிகமாகப் பல் அடைக்கிற மருந்தில் கிராம்பு எண்ணெயின் சத்தான யூஜினால் இருக்கிறது, வீட்டில் பல் வலிக்குப் பாட்டி பஞ்சில் நனைத்து வைப்பாரே, அதே சரக்குதான். பயந்தவர்களுக்கு அந்த வாசனையே பழைய நாளை ஞாபகப்படுத்தி வயிற்றைப் பிசையும், இன்னது என்று தெரிந்துவிட்டால் கொஞ்சம் அடங்கும். டாக்டர் சின்னக் கண்ணாடியும் முனை வளைந்த கம்பியும் வைத்துப் பார்ப்பார், கூசுகிற பல்லில் காற்றை ஊதிப் பார்க்கலாம், பஞ்சில் குளிர்ச்சியாக ஏதாவது வைத்துப் பார்க்கலாம். எந்தப் பல் என்பதையும் நரம்பு எந்த நிலைமையில் இருக்கிறது என்பதையும் அதில்தான் கண்டுபிடிப்பது, முன்னாலேயே சொல்லிவிட்டு வைக்கச் சொல்லுங்கள். பிறகு ஒரு சின்ன எக்ஸ்ரே, வாய்க்குள் ஒரு சென்சார் வைத்து எடுப்பது, படம் உடனே கம்ப்யூட்டரில் வந்துவிடும். குமட்டல் வருகிறவராக இருந்தால் மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு ஒரு கால் கட்டை விரலை ஆட்டிக்கொண்டே இருங்கள், கவனம் அங்கே போய்விடும், என் கிளினிக்கில் தினமும் பலிக்கிற வழி இது.

அன்றைக்கு இவ்வளவுதான் வேண்டும் என்று நீங்களே முடிவு செய்துகொண்டு போங்கள். பார்ப்பது, எக்ஸ்ரே, பேச்சு. ஊசி, டிரில் எதுவும் அன்றைக்கு வேண்டாம். இதை உட்கார்ந்த உடனே, வாயைத் திறப்பதற்கு முன் சொல்லிவிட வேண்டும், திறந்த பிறகு சொல்ல முடியாது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "டாக்டர், எட்டு வருஷத்துக்கு முன்னாடி பல் எடுக்கும்போது மரக்காமலே எடுத்துட்டாங்க, அதிலிருந்து எனக்கு ரொம்ப பயம். இன்னைக்குப் பார்த்து மட்டும் சொல்லுங்க. நான் இடது கையைத் தூக்கினா நிறுத்திடுங்க." இடது கை ஏன் என்றால் பெரும்பாலான டாக்டர்கள் உங்கள் வலது பக்கம் உட்கார்ந்திருப்பார்கள், வலது கையைத் தூக்கினால் கருவியில் இடிக்கும். இந்த நாலு வரியைச் சொன்னதும் அவர் முகத்தையும் கையையும் கவனியுங்கள். கையுறையைக் கழற்றிவிட்டு உங்கள் பக்கம் திரும்பி என்ன நடந்தது என்று கேட்கிறவரா, "பயப்படாதீங்க, வாயைத் திறங்க" என்று சொல்கிறவரா. உங்களுக்கு அவர் ஒத்துவருவாரா என்பது அந்த அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

வாயால் சொல்லக் கூச்சம் என்றால் எழுதிக் கொண்டுபோங்கள். பல் பயத்தை அளக்க நாங்கள் பயன்படுத்துகிற ஒரு கேள்வித்தாளே இருக்கிறது. 1969-இல் நார்மன் கோரா என்ற அமெரிக்கர் நாலு கேள்வியோடு தொடங்கிவைத்தார், 1995-இல் ஹம்ப்ரிஸ் என்பவரும் சகாக்களும் ஊசி பற்றிய கேள்வியைச் சேர்த்து ஐந்தாக்கினார்கள். நாளைக்குப் பல் டாக்டரிடம் போக வேண்டும் என்றால் எப்படி இருக்கும், வெளியே காத்திருக்கும்போது, டிரில் செய்யப்போகும்போது, பல்லைச் சுத்தம் செய்யப்போகும்போது, ஈறில் ஊசி போடப்போகும்போது எப்படி இருக்கும். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண், மொத்தம் 25. 19 அல்லது அதற்கு மேல் வந்தால் கடுமையான பயம் என்று எடுத்துக்கொள்வோம். வீட்டில் போட்டுப் பாருங்கள், வந்த எண்ணைத் தாளில் எழுதிக் கொடுத்தால் டாக்டருக்கு ஒரே பார்வையில் புரியும். 19-ஐத் தாண்டினால் பதற்றத்தைத் தணிக்கிற, சிரிப்பு வாயு என்கிற நைட்ரஸ் ஆக்சைடு கொடுக்கிற வசதி இருக்கிறதா என்றும் கேட்கலாம், எல்லா கிளினிக்கிலும் இருக்காது, குழந்தைகள் அதிகம் வருகிற இடங்களில் இருக்க வாய்ப்பு உண்டு.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். சாப்பிடுகிற மாத்திரைகள், சர்க்கரை, பிரஷர், அலர்ஜி, நாள் தள்ளியிருக்கிறதா என்பதெல்லாம் டாக்டர் கேட்பார், உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும், எக்ஸ்ரேயும் மருந்தும் அதைப் பொறுத்தது. ஆனால் சொந்தக்காரர் மூலம் போகும்போது இங்கேதான் நிறையப் பேர் மறைக்கிறார்கள், ஏனென்றால் சொன்னது சாயங்காலத்துக்குள் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடுமோ என்கிற பயம். நோயாளி சொன்னதை வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் தொழில் நெறி, இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் 2014-இல் திருத்தி வெளியிட்ட நெறிமுறையில் எழுத்திலேயே இருக்கிறது. ஆனாலும் நம் ஊரில் "உங்க மருமகளுக்கு வேர் சிகிச்சை, அதான் ரூட் கெனால், பண்ணணும்மா" என்று அன்பாகச் சொல்லிவிடுவார்கள். அதனால் "இதெல்லாம் எனக்கும் உங்களுக்கும் மட்டும் இருக்கட்டும் டாக்டர், அத்தைகிட்ட நானே சொல்லிக்கிறேன்" என்று ஒரு வார்த்தை போட்டுவிடுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

உங்கள் பல்லைப் பற்றி, பார்க்காமல் நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். குளிர்ந்த தண்ணீர் பட்டதும் கூசி, சில நொடியில் விட்டுவிடுகிறது என்றால் பெரும்பாலும் நரம்பு நன்றாக இருக்கிறது, ஈறு இறங்கியதாகவோ சின்னச் சொத்தையாகவோ இருக்கலாம், அடைத்தாலே போதுமானதாக இருக்கலாம். பட்ட பிறகு அரை நிமிடம் ஒரு நிமிடம் என்று வலி இழுத்துக்கொண்டே இருந்தால், ராத்திரி தானாக எழுப்பினால், வேர் சிகிச்சை வரை போக வேண்டியிருக்கும். இரண்டில் எது என்று இன்றே கவனித்து எழுதி வையுங்கள், டாக்டருக்கு எக்ஸ்ரேக்கு இணையான தகவல் அது. கன்னம் வீங்கி, காய்ச்சல் வந்து, வாய் திறக்கவோ விழுங்கவோ கஷ்டமாக இருந்தால் மட்டும் வியாழன் வரை காத்திருக்காதீர்கள், உடனே போய்விடுங்கள். பெரியவர்கள் யாராவது மேல் பல்லைத் தொட்டால் கண் போய்விடும், சுத்தம் செய்தால் பல் ஆடும் என்று இதற்குள் சொல்லியிருப்பார்கள். கண் பார்வை நரம்பு வேறு, பல்லுக்கு வருகிற நரம்பு வேறு. சுத்தம் செய்த பிறகு ஆடுகிற பல், பல்லில் கெட்டியாகப் படிந்த காரைதான் பிடித்துக்கொண்டிருந்த பல், அதற்கு முன்னாலேயே எலும்பு கரைந்திருக்கும்.

பிடிக்காவிட்டால் எப்படி மறுப்பது என்று கேட்டீர்கள். அந்த அறையிலேயே மறுக்க வேண்டியதில்லை. "எக்ஸ்ரே படத்தை என் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிடுங்க, எவ்வளவு ஆகும்னு ஒரு சீட்டுல எழுதிக் கொடுங்க, வீட்ல பேசிட்டு சொல்றேன் டாக்டர்" என்று சொல்லி, பார்த்ததற்கும் எக்ஸ்ரேவுக்கும் உள்ள கட்டணத்தைக் கட்டாயம் கொடுத்துவிட்டு எழுந்து வாருங்கள். "உங்ககிட்ட எப்படிப் பணம் வாங்குறது" என்றாலும் கொடுத்துவிடுங்கள். இலவசமாகப் பார்த்துவிட்டார் என்கிற அந்த ஒன்றுதான் அடுத்த தடவை வேண்டாம் என்று சொல்ல விடாமல் நாக்கைக் கட்டிப்போடும், அவர் குறைத்துக்கொள்வார் என்று சின்ன மாமியார் சொல்லியிருந்தாலும் குறைக்காத கணக்கை மனதில் வைத்துக்கொண்டு போவது நல்லது. ஒரு நோயாளி வேறு இடத்தில் காட்டுவதை நாங்கள் சண்டையாக எடுத்துக்கொள்வதில்லை. வேர் சிகிச்சை என்று வந்தால் அதற்கென்று மூன்று வருடம் எம்.டி.எஸ் என்கிற பல் மருத்துவ மேற்படிப்பு படித்தவர்கள் தனியாக இருக்கிறார்கள், பல பொது பல் மருத்துவர்கள் அவர்களைத் தங்கள் கிளினிக்குக்கே வரவழைத்துச் செய்கிறார்கள், அதனால் "யார் செய்வாங்க டாக்டர், நீங்களா, ஸ்பெஷலிஸ்ட் வருவாங்களா" என்று கேட்பதும் சாதாரணக் கேள்விதான். சின்ன மாமியாரிடம் பொய் சொல்ல வேண்டாம். "நல்லாதான் பேசினார் அத்தை, எனக்குப் பழைய பயம் இருக்கிறதால ஒரு லேடி டாக்டர்கிட்ட செஞ்சுக்கலாம்னு தோணுது" என்றோ, உண்மையில் எது காரணமோ அதையோ, டாக்டரைக் குறை சொல்லாமல் உங்கள் பயத்தை முன்னால் வைத்துச் சொன்னால் அவருக்கு வருத்தம் இருக்காது. அவர் சிபாரிசு செய்தது உங்கள் பல் வலி தீர வேண்டும் என்றுதான்.

புதன்கிழமை சாயங்காலம் கிளினிக்குக்கு நீங்களே ஒரு போன் செய்யுங்கள். இப்போது அங்கே எழுதியிருப்பது அநேகமாகச் சின்ன மாமியார் பெயரும் நம்பரும்தான், உங்கள் பெயரையும் நம்பரையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள், முதல் தடவை, கொஞ்சம் பயம், பேச இருபது நிமிடம் வேண்டும், கூட்டம் இல்லாத நேரம் எது என்று கேட்டு அதற்கு மாற்றிக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றோடு போகாதீர்கள், இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள், பயந்தவர்கள் மயங்கி விழுவது பாதி பசியால்தான். கூட யாராவது ஒருவரைக் கூட்டிப் போங்கள், சின்ன மாமியாரைத் தவிர. எக்ஸ்ரே பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்று எழுதுங்கள், வேர் சிகிச்சை என்றால் எத்தனை தடவை போக வேண்டும், ஒவ்வொரு தடவையும் என்ன செய்வார்கள் என்று தனியாக எழுதித் தருகிறேன்.